மின்சார மகிழுந்து யாருக்கு நன்மை?

“அத்தை, நீங்க எப்போ மின்சாரக் கார் வாங்கப் போறீங்க?”

சென்ற மாதம் யூ.எஸ்.ஜே.யில் உள்ள என் அண்ணன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அப்போது படிவம் நான்கில் பயிலும் அவருடைய மகள் என்னிடம் இப்படிக் கேட்டாள். அது இரட்டை மாடி வரிசை வீடு. வீட்டின் முன்புறம் நின்ற புதிய மகிழுந்தில், சுவரில் பொருத்தப்பட்ட கருவியின் வழி மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது. “பெட்ரோல் செலவு இல்ல, புகையும் இல்ல. அப்புறம் ஏன் யோசிக்கிறீங்க?” என்று மீண்டும் கேட்டாள்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. நானும் சுபாங் ஜெயாவில்தான் வசிக்கிறேன். ஆனால், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில். எனக்கென ஒதுக்கப்பட்ட வாகன நிறுத்துமிடத்தின் அருகில் மின் இணைப்பு எதுவும் இல்லை. அண்ணனுக்கு நன்மை தரும் வாகனம் எனக்கும் அதே நன்மையைத் தருமா? இக்கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் மின்சார மகிழுந்தின் நன்மைகளைக் காண்போம். பெட்ரோல் இயந்திரம் எரிபொருளில் உள்ள ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்சார இயக்கியோ தான் பெறும் ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் சக்கரங்களுக்குக் கொடுக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது உண்டாகும் ஆற்றலின் ஒரு பகுதி மீண்டும் மின்கலத்தில் சேர்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் காலை நேர நெரிசலில் நின்று நின்று செல்லும் நமக்கு இது பெரிய பயன். மேலும், இயந்திர எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. இரைச்சலும் குறைவு. வாகனத்திலிருந்து புகை வெளிவராததால் சாலையோரம் நடப்பவர்களும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் ஓரளவு தூய்மையான காற்றைச் சுவாசிக்கலாம்.

அடுத்து, செலவைக் கணக்கிடுவோம். ஒருவர் மாதத்திற்கு 1,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரப் பெட்ரோல் மகிழுந்துக்கு ஏறக்குறைய 70 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தில் மலேசியர்களுக்கு ஒரு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என விலை வைக்கப்பட்டது. அவ்விலையில் மாதச் செலவு ஏறக்குறைய 139 ரிங்கிட். அதே தூரத்திற்கு மின்சார மகிழுந்துக்கு 150 யூனிட் மின்சாரம் போதும். வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்கு 45 சென் எனக் கொண்டால், 67 ரிங்கிட் 50 சென் மட்டுமே செலவாகும். அண்ணன் மகள் சொன்னது போல செலவே இல்லாமல் போகவில்லை. ஆயினும் பாதிக்குப் பாதி குறைகிறது.

இனி என் நிலையைப் பாருங்கள். வீட்டில் மின்னேற்றம் செய்ய வழியில்லாததால் நான் பேரங்காடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ள பொது மின்னேற்ற நிலையங்களையே நம்பியிருக்க வேண்டும். விரைவு மின்னேற்ற நிலையங்களில் கட்டணம் பெரும்பாலும் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. அதை 1 ரிங்கிட் 20 சென் எனக் கொண்டாலும் 150 யூனிட்டுக்கு 180 ரிங்கிட் ஆகிறது. இது பெட்ரோல் செலவைவிட 41 ரிங்கிட் அதிகம்! அதோடு வேலை முடிந்து களைத்து வரும் வழியில், மின்னேற்றும் கருவிக்காக வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். வாகனம் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். வசிக்கும் வீடு மாறியதும் ஆதாயம் இழப்பாகிவிட்டது.

இதனால்தான், மின்சார மகிழுந்தின் நன்மை தீமை வாகனத்தை மட்டும் பொறுத்ததன்று. அதை நிறுத்தும் இடத்தையும் பொறுத்தது என்கிறேன்.

வேறு குறைகளும் உள்ளன. 2024 டிசம்பரில் அறிமுகமான புரோட்டான் இ.மாஸ் 7 ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் அதிகமான விலையில் வந்தது. அதன் தொடக்க வகை ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் 345 கிலோமீட்டர் வரை செல்லும் எனக் கூறப்படுகிறது. சுபாங் ஜெயாவிலிருந்து பட்டர்வர்த்திற்கு ஏறக்குறைய அதே தூரம். எனவே, தீபாவளிக்குப் பினாங்கிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்பவர் வழியில் ஓரிடத்திலாவது நின்று மின்னேற்ற வேண்டியிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் மின்கலத்தை மாற்ற நேர்ந்தால், அச்செலவும் பெரிது. மேலும், தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் உற்பத்தி செய்யப்படுகிறது. சுபாங் ஜெயாவில் குறையும் புகையில் ஒரு பங்கு காப்பார் போன்ற மின்நிலையங்களின் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. ஆற்றல் வீணாவது குறைவு என்பதால் மொத்தத்தில் மின்சார வாகனமே மேலானது. ஆனாலும் ‘புகையே இல்லை’ என்பது முழு உண்மையன்று.

இக்குறைகளுள் சில காலப்போக்கில் தீர்ந்துவிடும். 2025 இறுதியில் வந்த புரோட்டான் இ.மாஸ் 5 வாகனத்தின் தொடக்க விலை 60,000 ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை 2050ஆம் ஆண்டுக்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடாக உயர்த்தவும் நாடு இலக்கு கொண்டுள்ளது. ஆனால், வாகனத்தின் விலை குறைந்தாலும் ஒன்பதாவது மாடியில் வசிப்பவருக்கு மின் இணைப்பு தானாக வந்துவிடாது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. 2022 ஜனவரி முதல் மின்சார வாகனங்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி ஆகியவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025 இறுதிவரை சாலை வரியும் செலுத்த வேண்டியிருக்கவில்லை. மின்னேற்றும் கருவியைப் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவும் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், வீட்டு முன்புறத்தில் சொந்த இடம் உள்ளவரே இச்சலுகைகளின் முழுப் பயனை அடைகிறார். 2025ஆம் ஆண்டுக்குள் 10,000 பொது மின்னேற்றக் கருவிகளை அமைக்கும் இலக்கோ குறித்த காலத்தில் எட்டப்படவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்கம்பிகள் செல்லும் பாதை பொதுச் சொத்தைச் சார்ந்தது. ஆகவே, குடியிருப்பு நிர்வாகத்தின் அனுமதியின்றி எவரும் கருவியைப் பொருத்த முடியாது. தீப்பிடிக்கும் என்ற அச்சத்தால் சில நிர்வாகங்கள் தயங்குகின்றன. ‘பத்துப் பேர் பயன்படுத்தும் கருவிக்கு இருநூறு பேர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்பவர்களும் உள்ளனர். இது நியாயமான கேள்விதான். பயன்படுத்துபவரே கட்டணம் செலுத்தும் வகையில், தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, தீ பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இரண்டு மூன்று பொதுக் கருவிகளையாவது அமைக்கலாம். மெதுவாக மின்னேற்றும் கருவியே போதும். வாகனம் இரவு முழுவதும் அங்கேதானே நிற்கப் போகிறது!

மின்சாரப் பயணம் என்றால் மகிழுந்து மட்டுமே என்று நாம் எண்ணிவிடவும் கூடாது. செத்தியா ஜெயாவையும் யூ.எஸ்.ஜே. 7 நிலையத்தையும் இணைக்கும் 5.4 கிலோமீட்டர் விரைவுப் பேருந்துத் தடத்தில் 2015ஆம் ஆண்டு முதலே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. 2016 ஜூன் மாத இறுதியில் எல்.ஆர்.டி. இரயில் சேவையும் சுபாங் ஜெயா வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டிக்கப்பட்டது. சொந்தமாக மகிழுந்து வாங்க இயலாத மாணவரும் முதியவரும் சில ரிங்கிட் செலவில் இவற்றில் பயணம் செய்கின்றனர். இச்சேவைகளை வீட்டு வாசலுக்கு அருகில் கொண்டுவரும் இணைப்புப் பேருந்துகள் பெருகினால், மின்சாரப் பயணத்தின் பயன் எல்லாரையும் சென்றடையும்.

ஆகவே, மின்சார மகிழுந்து வாங்க எண்ணுபவர் விலையையும் அழகையும் பார்ப்பதற்கு முன்பு, ‘இரவில் இதற்கு எங்கே மின்னேற்றுவேன்?’ என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை ‘என் வீட்டில்’ என்றால் தயங்காமல் வாங்கலாம். விடை தெரியாவிட்டால் சற்றுப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

அண்ணன் மகளுக்கும் இதையே கூறினேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா நீங்க கார் கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க நிர்வாகத்துகிட்ட பேசணும், அத்தை” என்றாள். எங்கள் குடியிருப்பின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை விவாதிக்கக் கோரி நான் கடிதம் கொடுத்துவிட்டேன். அதன் முடிவு தெரியும்வரை என் பழைய மகிழுந்தையும் எல்.ஆர்.டி. சேவையையும் பயன்படுத்தி வருவேன்.