1823-க்கு முன்னால் வந்தவரா?



சென்ற வாரம் கோழி ஆலையில் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, எங்கள் மகள் பள்ளிப் பாடத்தோடு காத்திருந்தாள். 1773-ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை அது. வரி போட்ட ஆங்கில அரசை எதிர்த்து இங்கே குடியேறியிருந்த மக்கள் செய்த காரியம். மூன்று ஆண்டு கழித்து, 1776-ல், விடுதலையை அறிவித்துவிட்டார்கள். படித்து முடித்தவள் கேட்டாள்: "அப்பா, நமக்கு எப்ப சுதந்திரம் கிடைச்சது?"

தாகேதாவில் பிறந்து வளர்ந்த நாங்கள், "1948 ஜனவரி 4" என்று உடனே சொல்லிவிட்டோம். ஆனால் சொன்ன பதில் மனதுக்குச் சரியாகப் படவில்லை. அது பர்மாவுக்கு விடுதலை கிடைத்த நாள். நமக்கும் கிடைத்ததா?

அந்தத் தேயிலை யாருடையது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதே கம்பெனிதான் 1824 மே மாதம் இரங்கூனில் படையை இறக்கியது. அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் ஏராளம். 1826-ல் யாண்டபோ உடன்படிக்கைப்படி அரக்கானும் தெனாசரிமும் கம்பெனிக்குப் போயின. 1852-ல் இரண்டாம் போர். இரங்கூனும் கீழ்ப் பர்மாவும் போயின. 1885-ல் மூன்றாம் போர். தீபா மன்னரை இரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1886 ஜனவரி 1 முதல் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சி. 1937 வரை அது இந்தியாவோடு சேர்ந்த ஒரு மாகாணமாகவே இருந்தது.

அப்படி இருந்ததால்தான் நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள். நெல் வயலுக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். 1931 கணக்கெடுப்பில் இரங்கூனில் இருந்த சுமார் 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். எங்கள் தாத்தாவும் சிறுவனாக அந்தக் காலத்தில் வந்தவர்தான்.

பர்மியர்களின் கோபத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930-ல் 100-க்கு 6 பங்காக இருந்த நிலம், 1938-ல் 25 பங்கானது. நிலம் போனவன் கண்ணுக்கு வட்டிக்குக் கொடுத்தவரும் மூட்டை தூக்கியவரும் ஒன்றுதான். 1930-லும் 1938-லும் கலவரம் நடந்தபோது அடிபட்டதில் பெரும்பாலோர் ஏழைகள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள். வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம். எங்கள் தாத்தா போகவில்லை.

விடுதலைக்குப் பிறகு, 1948 குடியுரிமைச் சட்டத்தில் நம்மவர்கள் மனுப்போட வழி இருந்தது. படிப்பறிவு இல்லாமலும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பலர் போடவில்லை. 1959-ல் தாகேதாவைப் புது ஊராக அமைத்து, நகரத்துக் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். எங்கள் தாத்தாவுக்கும் அங்கே ஒரு மனை கிடைத்தது. மனை கிடைத்ததே போதும், இனி நம் ஊர் இதுதான் என்று இருந்துவிட்டார். 1962-ல் இராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் சென்னைக்குத் திரும்பினார்கள்.

1982-ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823-க்கு முன்பே குடியிருந்த இனத்தவர்தான் பிறப்பால் முழுக் குடிமக்கள் என்றது. ஏன் 1823? 1824-ல்தானே முதல் போர்! ஆங்கிலேயன் வந்த பிறகு வந்தவன் அவனோடு வந்தவன் என்பது கணக்கு. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை. இணைக் குடிமகனுக்கு நீலம். குடியுரிமை பெற்றவனுக்குப் பச்சை. எங்கள் அம்மா அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர் கையில் இருப்பது பச்சை அட்டை.

பகானில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சேர நாட்டு மகோதையர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த விண்ணகரத்துக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்கிறது. 1823-க்கு 500 ஆண்டுக்கும் முந்தியது! ஆனால் அந்தக் கல்லைக் காட்டி யாரும் அட்டை வாங்க முடியாது.

இந்த நாட்டிலும் 1776-ல் எல்லாருக்கும் விடுதலை கிடைத்துவிடவில்லை. கறுப்பின மக்களைக் குடிமக்கள் என்று அரசியல் சட்டம் ஏற்றது 1868-ல். இந்த மண்ணின் பூர்வகுடிகள் அனைவரையும் ஏற்றது 1924-ல். நாட்டுக்கு வரும் விடுதலை ஒருநாள் வரும். வீட்டுக்கு வருவது வேறொரு நாள்.

வாசகர்களே, ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி பெயர், ஊர், வந்த ஆண்டு, இருந்த தெரு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய அட்டைகளையும் ரசீதுகளையும் உறை போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இந்த நாட்டில் குடியுரிமைக்கு மனுப்போடும் காலம் வந்தால், எங்கள் தாத்தாவைப் போல இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டுப் பதிலைத் திருத்திச் சொன்னோம்: "பர்மாவுக்கு 1948-ல் கிடைச்சது. தாகேதாவில் இருக்கிற உன் அப்பாயிக்கு இன்னும் பாதிதான் கிடைச்சிருக்கு." அவள் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.