தலையும் உருண்டையும்

தேர்தல் காலத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் சர்வசாதாரணமாக வழங்கும் 'போல்' என்னும் சொல்லுக்கு ஆதியில் தலை என்பதும், 'பாலட்' என்பதற்கு வெனிஸ் நகரத்தார் தங்கள் சபைகளில் கலசத்தில் இட்ட சிறு உருண்டை என்பதுமே பொருள். வாக்கெண்ணுவது தலையெண்ணுவதே; தலைவரிக்கும் அந்தப் 'போல்' என்னும் பெயரே வாய்த்தது. 'கேண்டிடேட்' என்பவனோ, ரோமாபுரியில் சுண்ணம் பூசி வெளுத்த அங்கியோடு வாக்குக் கேட்டு நடந்தவன். அங்கியின் வெண்மை அந்தரங்க சுத்திக்கு அத்தாட்சி என்று அக்காலத்து ஜனங்களும் நம்பியிருக்கமாட்டார்கள்.

இத்தகைய தேர்தல் சொற்களுள் என் சிந்தையை மிகவும் கவர்வது 'ஹஸ்டிங்ஸ்'. ஸ்காந்திநேவியரின் வீட்டுச் சபையைக் குறித்துப் பிறந்து, பிற்காலத்தில் இங்கிலாந்தில் அபேட்சகர்கள் ஏறி நின்று பேசிய மரமேடைக்குப் பெயராகி, குடியானவன் தன் நிலச்சுவான்தாரின் கண்ணெதிரே 'இன்னாருக்கே என் வோட்டு' என்று வாய்விட்டுச் சொல்ல நேர்ந்த காலத்துக்கே உரியதான அச்சொல், 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இரகசிய வாக்கெடுப்பைக் கொணர்ந்து மேடையை அப்புறப்படுத்திய பின்னும், பிரசாரம் என்ற பொருளில் இன்றளவும் ஜீவித்திருக்கிறது. அச்சட்டப்படி முதன்முதலில் நடைபெற்றது, அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி பான்ட்ஃபிராக்ட் தொகுதியின் இடைத்தேர்தல். அங்கே வாக்குப் பெட்டியை மூடிய அரக்கில் பதிந்த முத்திரையோ, அவ்வூரில் பிரசித்தமான அதிமதுர மிட்டாய்க்குக் குத்தும் அச்சு! அதற்கு முன்னெல்லாம் யார் யாருக்கு வோட்டளித்தார் என்பதைப் பெயர் சகிதம் அச்சிட்டே விற்றார்கள். 'போல் புக்' எனப்பட்ட அப்புத்தகங்களை வம்ச சரித்திரம் ஆராய்வோர் இப்போது ஆவலோடு புரட்டுகிறார்கள்.