குறியாளரும் மறைந்து சுடுவாரும்

பொருளால் நெருங்கிய இரு சொற்களை ஒன்றெனக் கொள்வது எளிது. அவற்றின் வேற்றுமையை உணர்வதே மொழியறிவு. குறி தவறாமற் சுடுவோரை ஆங்கிலத்தில் ‘மார்க்ஸ்மன்’ என்றும் ‘ஸ்னைப்பர்’ என்றும் கூறுவர். நம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒரு பொருட் சொற்களாகவே வழங்குகின்றனர். அது பொருந்தாது என்பதே எம் கருத்து.

முதற்சொல் குறியை ஆள்பவர் எனப் பொருள்படும். அதனைக் ‘குறியாளர்’ எனத் தமிழிற் கூறலாம். அது திறம் ஒன்றையே சுட்டும். கொல்லிமலைத் தலைவன் ஓரியை ‘வல்வில்’ என்னும் அடைமொழியால் நம் முன்னோர் போற்றியதும் திறம் கருதியே. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா குறியாளர். கடலூரிற் பிறந்து, 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற் பங்குகொண்ட இளவேனில் வாலறிவனும் குறியாளரே. அப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதனை நோக்கிச் சுடுவோர் ஒளிந்து நிற்பதில்லை. பலரும் காணச் சுடுகின்றனர்.

இரண்டாம் சொல் ஒரு பறவையின் பெயரிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயர் ‘ஸ்னைப்’ எனக் கூறும் அப்பறவையை நாம் உள்ளான் என்கிறோம். பனிக்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்து, கண்மாய்ச் சேற்றிலும் நெல்வயலிலும் அது இரைதேடும். மண்ணின் நிறத்தோடு ஒன்றி அமர்ந்திருக்கும். அருகிற் சென்றால் சட்டென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் அதனைச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். அவர்தம் வழக்கிற் பிறந்த சொல்லே, பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடும் போர்வீரரைக் குறிக்கலாயிற்று.

“இருவரும் குறி தப்பாதவரே, சொல்லில் வேற்றுமை எதற்கு?” எனச் சிலர் வினவலாம். கம்பராமாயணத்தில் அம்புபட்டு வீழ்ந்த வாலி, இராமனது வில்திறத்தை ஐயுறவில்லை. மறைந்து நின்று எய்தது அறமோ என்றே வினவுகிறான். ஆகவே திறம் வேறு, அதனைப் பயன்படுத்தும் முறை வேறு என்பதை நம் இலக்கியம் நன்கு அறிந்திருந்தது. நாட்டைக் காக்கும் கடமையால் மறைந்து சுடும் வீரரை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. அவர் செயலுக்கும் விளையாட்டுக்கும் ஒரே பெயர் இடலாகாது என்பதே எம் துணிபு.

மாணவர்களே! மல்லாங்கிணற்றுத் தெருவில் தீபாவளியன்று சிறுவர் கொளுத்தும் சிவகாசி வெடியும் வேட்டு. துப்பாக்கியினின்று எழுவதும் வேட்டு. ஒன்று களிப்பின் ஒலி. மற்றொன்று உயிரையும் பறிக்க வல்லது. ஒரு சொல்லே இரண்டையும் குறிக்குமிடத்து ‘எந்த வேட்டு?’ என்று கேட்டுத் தெளிகிறோம். இரு சொற்கள் தனித்தனியே இருக்கும்போது அவற்றை ஒன்றாகக் கலப்பது, மொழி தந்த தெளிவை நாமே இழப்பதாகும். திறத்தைப் போற்றுமுன் அது எதன்பொருட்டு ஆளப்பட்டது என்று கேளுங்கள். அதன்பின் அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.