ஒற்றை மரத்தின் வாரிசு!

மொரீஷியஸுக்குச் சொந்தமான குட்டித் தீவு, ரோட்ரிக்ஸ். அங்கிருந்த 'கஃபே மரோன்' என்ற காபிக் குடும்பச் செடி அழிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆசிரியர் காட்டிய பழைய படத்தை நினைவில் வைத்து, 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் அதைக் கண்டுபிடித்தான். உலகிலேயே மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்!

நாட்டு மருந்துக்காக மக்கள் கிளைகளை ஒடிக்கவே, சுற்றிலும் வேலி போட்டார்கள். 1986-ல் வெட்டிய கிளைத்துண்டு ஒன்று லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் பறந்தது. வேர் பிடித்தது, வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஆனால், காய்க்கவே இல்லை.

பூங்காவின் தோட்டக்கலை நிபுணர் கார்லோஸ் மக்தலேனா விடவில்லை. பூவின் சூலகமுடி நுனியை வெட்டி, அந்த இடத்தில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். பலமுறை தோற்ற பிறகு, 2003-ல் விதை கிடைத்தது. பிறகு, விதைகள் சொந்த ஊரான ரோட்ரிக்ஸுக்கே திரும்பின... முளைக்கவும் செய்தன!