முதல் இடம் யாருக்கு லாபம்?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு எங்கே நடந்தாலும் மூன்றாவது ஸ்லைடுக்குள் ஒரு பிணம் வந்துவிடும். பிணத்தை ஒளித்துவைக்கப் பாதுகாப்பான இடம் கூகுளின் இரண்டாம் பக்கம்தான், அங்கே ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்கிற அந்த அரதப்பழசான ஜோக். அரங்கம் சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் பயிற்றுநர் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுவார்: "ஆகவே விளம்பரத்தில் முதல் இடத்தைப் பிடியுங்கள், இல்லையென்றால் வியாபாரமே இல்லை." பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர், ஆர்.ஓ. சர்வீஸ்காரர், புதிதாகக் கிளினிக் திறந்த பல் டாக்டர் எல்லோரும் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். அந்த "ஆகவே"யைப் பல வருடங்களாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது.

ஜோக்குக்கு ஒரு வரி போதும். அது காசு கொடுக்காமல் வரும் தேடல் முடிவுகளைப் பற்றியது. விளம்பரங்களில் மூன்றாவதாக வருபவரும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறார், உயிரோடு.

அடுத்த உபதேசம், "ஏலத்தொகையைக் கூட்டுங்கள், தானாக மேலே போவீர்கள்." 1998-இல் இதைச் சொல்லியிருந்தால் சரி. பில் கிராஸ் அந்த ஆண்டு நடத்திக்காட்டிய கோடூ டாட் காம் என்ற தேடுதளத்தில் ஒரு கிளிக்குக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரே மேலே. எவ்வளவு தருகிறார் என்பதும் ஊரறிய அங்கேயே தெரியும். அந்த நிறுவனம் ஓவர்ச்சூர் என்று பெயர் மாறி, 2003-இல் யாஹூ கைக்கும் போய்விட்டது. கூகுள் 2002-இல் கிளிக் ஏலத்துக்கு வந்தபோதே வழியை மாற்றிக்கொண்டது. கேட்ட விலையோடு, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் பெருக்கிப் பார்த்தது. ஒருவர் 60 ரூபாய் கேட்கிறார், அவர் விளம்பரத்தை நூற்றுக்கு 2 பேர் கிளிக் செய்கிறார்கள். இன்னொருவர் 35 ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் நூற்றுக்கு 4 பேர். பெருக்கினால் 120, 140. முப்பத்தைந்து ரூபாய்க்காரர் மேலே. அவர் கட்ட வேண்டியதும் 30 ரூபாயைச் சற்றே தாண்டிய தொகைதான், ஏனென்றால் கீழே இருப்பவரை முந்த அவ்வளவு போதும். விளம்பரத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் இன்றைய ஆட் ரேங்க் கணக்கு இதைவிடச் சிக்கலானது. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, கிளிக் செய்தால் திறக்கும் லேண்டிங் பேஜ் உருப்படியாக இருக்கிறதா, தேடுபவர் எந்த ஊரில் எந்த நேரத்தில் எந்தக் கருவியில் தேடுகிறார் என்பதெல்லாம் அதில் சேரும். பயிற்றுநருக்கு மட்டும் இன்னும் 1998.

போதாக்குறைக்கு, 2023-இல் வாஷிங்டனில் நடந்த, கூகுள் மீதான ஏகபோக வழக்கு விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. மதிப்பெண்கள் நெருங்கி இருக்கும்போது மேலே உள்ள இரண்டு விளம்பரங்களைக் கூகுளே சில சமயம் இடம் மாற்றிப்போடுகிறது. விளம்பர விலையைச் சத்தமில்லாமல் 5 சதவீதம் வரை, சில தேடல்களில் 10 சதவீதம்கூட உயர்த்தியிருக்கலாம் என்று அதன் அதிகாரியே சாட்சி சொன்னார். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். இப்படிப்பட்ட ஏலத்தில்தான் "விலையைக் கூட்டினால் இடம் நிச்சயம்" என்கிறார்கள்.

"மேலே இருப்பவரிடம்தான் ஜனங்கள் வாங்குவார்கள்" என்பது மூன்றாவது. கூகுளின் அப்போதைய தலைமைப் பொருளியலாளர் ஹால் வேரியன் 2009-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மிக நல்ல இடத்தில் கிளிக் செய்தவர்களில் 1 சதவீதம் பேர் வாங்கினால், மிக மோசமான இடத்தில் சராசரியாக 0.95 சதவீதம் பேர் வாங்குவார்கள். இடத்தை விற்றுப் பிழைக்கிறவர்களே வித்தியாசம் பெரிதில்லை என்கிறார்கள். பயிற்றுநர்களோ நம்பமாட்டேன் என்கிறார்கள். பழைய கணக்கு என்பார்களானால் புதியதை எடுத்துக் காட்டட்டும். "2016-இல் வலது பக்க விளம்பரங்களை எடுத்துவிட்டார்களே, மேலே நான்கு இடம்தானே" என்பதும் வரும். இருக்கட்டும், அந்த நான்கில் முதலாவது எதற்கு?

அதோடு, இவர்கள் துரத்திய "சராசரி இடம் 1" என்ற எண் பக்கத்தின் உச்சியைக் குறித்ததே இல்லை. மற்ற விளம்பரங்களுக்கு முன்னால் இருக்கிறீர்கள் என்று மட்டுமே பொருள். மேலே விளம்பரமே வராத தேடலில் பக்கத்தின் அடியில் கிடப்பவரும் அந்தக் கணக்கில் முதல்வர்தான். குழப்பம் தாங்காமல் 2019 செப்டம்பர் 30-ஆம் தேதி கூகுள் அந்த அளவீட்டையே தூக்கிவிட்டது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "ரங்கநாதன் தெருவில் முதல் கடை கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா?" என்று மடக்குவார்கள். வேண்டாம் என்கமாட்டேன். ஆனால் அங்கே வாடகை மாதத்துக்கு ஒருமுறை. இங்கே வாசலில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் வாடகை, விலை கேட்டுவிட்டுப் போகிறவருக்கும் சேர்த்து. அதனால் கணக்கே வேறு. ஒரு காகிதத்தை எடுங்கள். மூன்றாம் இடத்தில் உங்களுக்கு 100 கிளிக், ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 2,000. முதல் இடத்துக்குப் போனால் 160 கிளிக், ஒன்று 40 ரூபாய். செலவு 6,400. இருபது கிளிக்குக்கு ஓர் ஆர்டர், ஆர்டருக்கு 900 ரூபாய் லாபம் என்றால் ஒரு கிளிக் உங்களுக்கு 45 ரூபாய் பெறும். ஏஜென்சிக்காரர் இந்த இடத்தில் முகம் மலர்வார்: "45 ரூபாய்ச் சரக்கு 40 ரூபாய்க்குக் கிடைக்கிறதே சார்!"

கிடைக்கவில்லை. மேலே போனதால் கூடுதலாக வந்தவை 60 கிளிக்தான். அந்த அறுபதுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது 4,400 ரூபாய். அதாவது ஒன்றுக்கு 73 ரூபாய்க்கு மேல். 45 ரூபாய் பெறும் பொருளை 73-க்கு வாங்கியிருக்கிறீர்கள். முன்பே 20 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த நூறு பேருக்கும் இப்போது இரட்டை விலை கொடுக்கிறீர்கள், அது சராசரிக்குள் ஒளிந்துகொண்டது. மூன்றாம் இடத்தில் கையில் நின்றது 2,500 ரூபாய். முதல் இடத்தில் நிற்பது 800. ஆர்டர் கூடியிருக்கிறது, கிளிக் கூடியிருக்கிறது, அறிக்கையில் பச்சை அம்புகள் எல்லாம் மேல்நோக்கிப் பாய்கின்றன, லாபம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வகுப்பில் கடைசிக் கிளிக்கின் விலை என்று ஒன்று இருப்பதாக யாரும் வாய்திறப்பதில்லை. சின்ன பட்ஜெட் என்றால் இன்னும் மோசம். நாளுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கியவர் 20 ரூபாய் விலையில் ஐம்பது பேரைப் பார்ப்பார். 40 ரூபாயில் இருபத்தைந்து பேரோடு பட்ஜெட் காலி. காலையிலேயே காசு தீர்ந்துவிட்டால், மாலையில் வேலை முடிந்து வந்து தேடுகிறவருக்கு அவர் கடை இருப்பதே தெரியாது. முதல் இடம்!

சொந்தப் பெயருக்கே முதல் இடம் வாங்கச் சொல்வது இந்த வேடிக்கையின் உச்சம். இபே நிறுவனம் 2012-இல் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களை யாஹூவிலும் எம்.எஸ்.என்.னிலும் நிறுத்திப் பார்த்தது. போன கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரத்துக்குக் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாகவே திரும்பி வந்துவிட்டன. பிளேக், நாஸ்கோ, டடேலிஸ் மூவரும் எழுதிய அந்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிகா ஆய்விதழில் வந்தது. "போட்டியாளர் என் பெயரில் நின்றால்?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. சென்னையின் பாரத் மேட்ரிமோனி அதே கவலையோடு நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். ஆகவே போட்டியாளர் நிற்கிறாரா என்று முதலில் தேடிப் பாருங்கள். நின்றால் செலவழியுங்கள், நிற்காத இடத்தில் எதற்கு?

இவ்வளவும் அந்தப் பயிற்றுநருக்கும் ஏஜென்சிக்கும் தெரியாதா? தெரியும். பல ஏஜென்சிகளின் கூலி விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்பது. 2,000 ரூபாயில் கிடைக்கும் கமிஷனும் 6,400 ரூபாயில் கிடைக்கும் கமிஷனும் ஒன்றல்ல. இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரி, இடம் உயரவே வேண்டாமா? உயரட்டும், காசைக் கொட்டாமல், விளம்பரத்தின் பொருத்தத்தைக் கூட்டி. எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் விளம்பரம் வந்தது என்ற அறிக்கையைத் திறந்தால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் "பேக்கர்ஸ் கம்பெனியில் வேலை", "பேக்கிங் அட்டைப்பெட்டி விலை" என்று தேடியவர்களுக்கெல்லாம் காசு கட்டியிருப்பது தெரியும். அவற்றை நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் வரக்கூடாத சொற்களின் பட்டியலில், தள்ளினாலே பாதி வேலை முடிந்தது. விளம்பரத்தில் சொன்ன ஊரும் விலையும் லேண்டிங் பேஜின் முதல் திரையிலேயே இருக்கட்டும்.

அடுத்த மாத அறிக்கையோடு ஏஜென்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் இடத்தைப் பற்றிப் பேசவிடாதீர்கள். போன மாதத்தைவிடக் கூடுதலாக வந்த கிளிக்குகளுக்கு மட்டும் ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.