"பொட்டி பழசு, அதான் டைம் தப்புது": சுத்த மொக்கை வாதம்!

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, ஒரு மூலையில் வைத்து, போட்டோக்களையும் கணக்குக் கோப்புகளையும் சேமிக்கும் சர்வராக ஓட்டுவது நிறைய பேர் செய்வதுதான். 2008 வாக்கில் வாங்கிய கோர் 2 டுவோ பொட்டி, 2 ஜிபி ராம், தூசி பிடித்த ஃபேன், புதிதாக வாங்கிப் போட்ட ஒரு ஹார்ட் டிஸ்க். வேலை கச்சிதமாக நடக்கிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செல்போன் காலை 8.00 என்கிறது, சர்வரோ 7.55 என்கிறது.

உடனே நாலு பக்கமிருந்தும் இலவச ஆலோசனை கொட்டும். ஒருத்தர், "பேட்டரி போயிருக்கும், மாத்து" என்பார். இன்னொருத்தர், "தினமும் ராத்திரி 12 மணிக்கு நேரத்தைச் சரி பண்ற மாதிரி ஒரு கிரான் போட்டுடு, மேட்டர் ஓவர்" என்பார். மூன்றாமவர் பெரிய மனுஷர். "பொட்டி பழசுப்பா, அது அப்படித்தான். காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்று தீர்ப்பே எழுதிவிடுவார்.

மூன்றும் தப்பு. முதலாவது அறியாமை, இரண்டாவது சோம்பேறித்தனம், மூன்றாவது திமிர். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மூவரில் ஒருவர்கூட "ஒரு நாளைக்கு எத்தனை வினாடி தப்புது?" என்று கேட்பதில்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்காமலே ஊசி போடும் டாக்டர்கள்!

பேட்டரி பாவம், விட்டுவிடுங்கள்

மதர்போர்டில் நாணயம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரியின் வேலை என்ன? பொட்டி அணைந்து கிடக்கும்போது ஆர்டிசி என்ற குட்டிக் கடிகாரத்தை ஓட விடுவது. வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம்தான் அந்தக் கடிகாரத்தின் இதயம். லினக்ஸ் பூட் ஆகும்போது இந்தக் கடிகாரத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் அதோடு சரி. பிறகு கர்னல் தன் சொந்தக் கணக்கில், மதர்போர்டிலுள்ள வேறொரு படிகத்தின் துடிப்பை வைத்து நேரத்தை எண்ணிக்கொண்டு போகும்.

ஆக, 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் தினமும் 10 வினாடி பின்தங்கினால், அதில் பேட்டரிக்குத் துளியும் பங்கில்லை. கரண்ட் போய், திரும்ப ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு, "பேட்டரி மாத்தியும் சரியாகலையே, போர்டே போச்சு" என்று அடுத்த ஜல்லியடிப்பது பெரிய கொடுமை.

"வெயில் காலம், அதான்" என்று ஒரு கிளைக்கதையும் உண்டு. அந்த 32,768 படிகம் சுமார் 25 டிகிரியில் ஒழுங்காக ஓடும்படி செய்யப்பட்டது. 45 டிகிரிக்குப் போனால் பத்து லட்சத்தில் 14 பங்கு அளவுக்கு மெதுவாகும். ஒரு நாளைக்கு 86,400 வினாடி என்பதால், கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 1.2 வினாடி. வெயில் வினாடிகளைத் தின்னும். நிமிடங்களைத் தின்னாது.

கிரான் என்னும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அதைத் துடைக்க வேண்டும். கண்டுபிடிக்காமலே வருடா வருடம் வித்தியாசத்தை அதில் தள்ளிக்கொண்டிருப்பவரைக் கணக்குப்பிள்ளை என்று யாராவது சொல்வார்களா?

தினமும் ராத்திரி நேரத்தை வலுக்கட்டாயமாகத் திருத்தும் கிரான் அதேதான். தப்பு அப்படியே இருக்கிறது, தடயம் மட்டும் தினமும் அழிக்கப்படுகிறது. அதைவிட மோசம், வேகமாக ஓடும் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுப்பது. 12 மணிக்கு 10 வினாடி பின்னால் இழுத்தால் அந்த 10 வினாடி அந்தப் பொட்டியில் இரண்டு முறை நடக்கிறது. பதிவேட்டில் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாக ஏறும். டவ்காட் என்ற மெயில் சர்வரின் பழைய பதிப்புகள், நேரம் பின்னோக்கிப் போனதைக் கண்டால் ஒரு வரி எழுதிவைத்துவிட்டுத் தாமாகவே நின்றுவிடும். பொய்க் கணக்கு எழுதுவதைவிடக் கடையை மூடுவது மேல் என்று நினைக்கிற அளவுக்கு அந்த மென்பொருளுக்கு மானம் இருந்தது.

சரி, பத்து வினாடியில் என்ன குடி முழுகிவிடும்? முழுகும். எப்படி என்று பாருங்கள். ராத்திரி கிரானை நம்பி எல்லோரும் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒருநாள் ஃபயர்வாலில் எதையோ மாற்றும்போது யூடிபி 123 அடைபட்டுப் போகிறது. கிரான் தினமும் தோற்கிறது, அதன் புலம்பலை யாரும் படிப்பதில்லை. ஒரு மாதத்தில் சர்வர் 6 நிமிடம் முன்னால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கணக்குக் கோப்பு காலை 10.00 மணிக்குச் சர்வரில் சேமிக்கப்படுகிறது, முத்திரை 10.06 என்று விழுகிறது. 10.03க்கு லேப்டாப்பில் அதே கோப்பில் நான்கு பில்கள் சேர்க்கப்படுகின்றன. சாயங்காலம் ஆர்சிங்க் ஓடுகிறது, "சர்வரில் புதிதாக இருப்பதை அழிக்காதே" என்ற கட்டளையோடு. 10.06 புதிது, 10.03 பழசு! நான்கு பில்களும் சர்வருக்குப் போகவே இல்லை. ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு பிழைச்செய்தி கிடையாது. லேப்டாப் டிஸ்க் செத்துப்போய், பேக்கப்பைத் திறக்கிற அன்றுதான் தெரியும்.

கம்பெனிக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்ற ஆடிட் டிரெயில் விதி இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம், 2022 ஏப்ரல் 28 அன்று, கம்பெனிகளும் டேட்டா சென்டர்களும் அரசு நிறுவனங்களும் தங்கள் கணினிக் கடிகாரங்களை என்ஐசி அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று செர்ட்-இன் உத்தரவிட்டது. வீட்டு மூலையில் இருக்கும் பொட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம் பொருந்தும்: தேதி பொய்யானால் பதிவும் பொய்.

"புதுசு வாங்கு" என்னும் திமிர்

புதுக் கம்ப்யூட்டரில் நேரம் தப்பவே தப்பாது என்று நினைப்பவர்கள் அதன் நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அதிலும் இருப்பது அதே மாதிரி மலிவுக் குவார்ட்ஸ்தான். நெட்டிலிருந்து யாரோ ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதால் தப்பு வெளியே தெரிவதில்லை. "பேசாம ஒரு ராஸ்பெரி பை வாங்கு" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பை 4 வரைக்கும் அந்தப் போர்டுகளில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. 2023ல் வந்த பை 5ல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

கடிகாரம் என்றால் தப்பும். இதைக் கப்பல்காரர்கள் 250 வருடங்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த எச்4 என்ற கடல் கடிகாரம் 1761 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1762 ஜனவரியில் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு மேலான பயணத்துக்குப் பிறகு வித்தியாசம் சுமார் 5 வினாடிதான். ஆனால் அந்த 5 எப்படி வந்தது? அந்தக் கடிகாரம் தினமும் இரண்டு வினாடிக்கு மேல் பின்தங்கும் என்ற வீதத்தைக் கணக்கில் கழித்த பிறகு வந்தது! யாரும் நடுக்கடலில் முள்ளைத் திருகவில்லை. தப்பு எவ்வளவு என்பதைவிட, தப்பு தினமும் ஒரே அளவா என்பதுதான் நல்ல கடிகாரத்துக்கு அடையாளம்.

குரோனி என்ற மென்பொருள் செய்வதும் இதைத்தான். இந்தப் பொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்று கற்றுக்கொண்டு, அந்த வீதத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஓட்டத்தையே கொஞ்சம் முடுக்கிவிடும். நெட் ஒரு வாரம் இல்லாவிட்டாலும், கற்ற வீதத்தை வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கும். பழைய பொட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்போ என்னதான் செய்வது?

1. முதலில் ஒரு வாரம் எல்லாத் திருத்தத்தையும் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். திங்கள் காலை 9 மணிக்கும் அடுத்த திங்கள் காலை 9 மணிக்கும் வித்தியாசம் 63 வினாடி என்றால் நாளுக்கு 9 வினாடி. 86,400ஆல் வகுத்தால் பத்து லட்சத்தில் 104 பங்கு. கம்ப்யூட்டர்காரர்கள் மொழியில் 104 பிபிஎம்.

2. நடுவில் தினமும் ஒரு குறிப்பு எடுக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய அதே 9 வினாடி என்றால் அது படிகத்தின் சுபாவம். குரோனி போதும், ஒரு பைசா செலவில்லை.

3. ஒருநாள் 2 வினாடி, மறுநாள் 40 வினாடி என்று ஆடினால் படிகத்தை விட்டுவிட்டு, கர்னல் எதை வைத்து எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். டிஎஸ்சி என்பது பிராசசருக்குள் இருக்கும் எண்ணி. பழைய பிராசசர்கள் பலவற்றில், வேகம் குறைந்தால் இந்த எண்ணியும் மெதுவாகும். சிலவற்றில் பிராசசர் ஆழ்ந்து தூங்கினால் இதுவும் தூங்கும். கர்னலே இதைக் கண்டுபிடித்து வேறு எண்ணிக்கு மாறுவது உண்டு. மாறாவிட்டால் கிளாக்சோர்ஸை எச்பிஇடி அல்லது ஏசிபிஐ பிஎம் டைமர் என்று மாற்றிக் கொடுக்கலாம். இவற்றைப் படிக்கக் கொஞ்சம் நேரம் அதிகம் பிடிக்கும். போட்டோ சேமிக்கும் சர்வருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

4. வித்தியாசம் நாளுக்கு 43 வினாடிக்கு மேல், அதாவது 500 பிபிஎம்முக்கு மேல் என்றால் பழைய என்டிபிடி அதைச் சமாளிக்காது. இவ்வளவு பெரிய தப்பு ஆரோக்கியமான படிகத்தில் வராது. திரும்ப 3வது படிக்கே போக வேண்டும்.

நான்கும் செய்து பார்த்து ஒன்றும் சரியாகவில்லை என்றால் போர்டைக் குறை சொல்லலாம். அதற்கு முன்னால் சொல்பவர்கள் சொல்வது ஆலோசனை அல்ல, குறி.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பழைய பொட்டியை நிறுத்த நல்ல காரணம் ஒன்று உண்டு, அது கரண்ட் பில். 60 வாட் இழுக்கும் பொட்டி மாதம் 43 யூனிட் தின்னும். அந்தக் கணக்கைப் போட்டு, கட்டுப்படியாகவில்லை என்று மாற்றுபவர் புத்திசாலி. ஆனால் அந்தக் கணக்கையும் போடாமல், இந்தக் கணக்கையும் போடாமல், ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்? தேய்மானம் போட்டுப் போட்டு புத்தக மதிப்பு பூஜ்யமான இயந்திரம் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். புத்தகத்தில் பூஜ்யம் என்பதற்காக அதை எந்த முதலாளியும் உடைத்துப் போடுவதில்லை.

பி.கு.: வித்தியாசம் மிகச் சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது கிரீன்விச் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் நடக்கும் சண்டை. அதே பொட்டியில் விண்டோஸும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டைம் ஸோனைச் சரி செய்தால் போதும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதில்லை :-)