இன்னொரு முறை நீட்: யாருடைய ஓராண்டு?

நீட் முடிவு வந்த மறுநாளே நம் வீடுகளில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. "இன்னொரு முறை எழுதலாமா, கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடலாமா?" எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் முதல் திருவொற்றியூர் வரை, உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு வழிசொல்ல ஆளில்லை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறையே அந்தப் பிள்ளைதான்.

நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அரசிடம் தந்த அறிக்கை ஒரு உண்மையைச் சொன்னது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 2016-17-ல் 12.47 விழுக்காடு, 2020-21-ல் 71.42 விழுக்காடு. அதாவது, முதல் முறையிலேயே இடம் பிடிப்பது விதிவிலக்காகிவிட்டது. எனவே, ஒருமுறை தவறியதால் நம் பிள்ளைக்கு அறிவில்லை என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால், ஓராண்டின் விலை எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. வசதியுள்ளவர் பயிற்சி மையத்தில் பணம் கட்டி அந்த ஆண்டை வாங்கிவிடுகிறார். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் அது ஒரு ஆள் கூலி. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்தபோது, வலை, படகு, பிழைப்பு எல்லாம் போனது. அப்படிப்பட்ட கரையில் 'இன்னும் ஒரு வருஷம்' என்பது லேசான சொல் அல்ல. பெண்பிள்ளையாக இருந்தால், வீட்டில் இருக்கும் அந்த ஓராண்டில் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

அரியலூர் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றவர். 2017-ல் அவரை இழந்தோம். நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றியும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. சட்டப் போராட்டம் தொடரட்டும். அதுவரை நம் பிள்ளைகள் முடிவெடுத்தாக வேண்டுமே, அதற்குச் சில விவரங்கள்.

தகுதி வேறு, இடம் வேறு. 2025-ல் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினர் 720-க்கு 113 எடுத்தாலே தகுதி. ஆனால், இடம் கிடைத்த கடைசி மதிப்பெண் எது என்பதைக் கலந்தாய்வுப் பட்டியலில் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. மறுமுறை எழுதுபவர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் பிரிவின் கடைசி மதிப்பெண்ணுக்கு அருகில் வந்திருந்தால் மீண்டும் எழுதுவதில் நியாயம் உண்டு. வெகுதூரம் என்றால், ஓராண்டில் அதைக் கடக்கப் பயிற்சியும் புத்தகமும் அமைதியான இடமும் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

எழுதுவதற்காக வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. நீட்டுக்கு எத்தனை முறை என்ற வரம்பில்லை. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதலாம். கல்லூரியில் சேர்ந்தால்தான் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் வரும். கால்நடை மருத்துவம், பொன்னேரி மீன்வளக் கல்லூரிப் படிப்பு போன்றவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அவை தோற்றவர்களுக்கான படிப்புகள் அல்ல.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளியை முடித்து வெளியே வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வடசென்னையிலேயே உண்டு உறைவிடப் பயிற்சியை ஆதிதிராவிடர் நலத்துறை நடத்த வேண்டும். இரண்டாம் வாய்ப்பு காசுள்ளவருக்கு மட்டும் என்றால், அதைத் தகுதித் தேர்வு என்று சொல்வதில் பொருளில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எந்த முடிவானாலும் பிள்ளையோடு உட்கார்ந்து எடுங்கள். ஒரு தேர்வைவிட உங்கள் பிள்ளை பெரிது.